சுசிலா கழித்துவிட்ட இலைகள்

கோசிகா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, குசினி மேசையில் அவளுடைய இலைகள் கழுவி, துவாயில் ஒற்றி, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றில்கூட ஓட்டை இல்லை, புள்ளி இல்லை. கல்யாணத் தட்டத்து வெற்றிலைபோல் லட்சணமாக இருந்தன.

"அம்மா, மிச்சம் எங்கை?"

"பழுதெல்லாம் கழிச்சு எறிஞ்சிட்டன்," என்றாள் சுசிலா, கீரை ஆய்ந்து முடித்த திருப்தியோடு. "அரைவாசிக்கு மேலை பூச்சி திண்டது. பாத்துப் பொறுக்கத் தெரியாதே உனக்கு?"

பூச்சி தின்றதைத்தான் கோசிகா இந்த இலையுதிர்காலம் முழுக்கக் குனிந்து குனிந்து பொறுக்கியிருந்தாள். அவள் இப்படிப்பட்ட இலைகளைப் பார்த்துத் துணிகளில் அச்சிடும் கோலங்களை வரைகிறவள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பட்டம் வாங்கிய பிறகும் சொந்தக்காரர்கள், "எந்தச் சீலைக்கடையிலை நிக்கிறாய் பிள்ளை?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பல் கடிக்கும் பழக்கம் வந்திருந்தது. இன்று பின்னேரம் திரைச்சீலைத் துணி செய்யும் ஒரு கம்பனியில் நேர்முகம். வரைந்த படங்களோடு, அவை பிறந்த இலைகளையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் படத்தைக் கொம்ப்யூட்டரில் எவனும் செய்துவிடுவானாம்.

படங்கள் பத்திரமாக இருந்தன. பூச்சி தின்ற இலைகள்தான் மீன் தலைகளோடு குப்பைப் பைக்குள் போய், லொறியும் ஏறிவிட்டன.

கோசிகா கத்தவில்லை. நேரம் இல்லாததுதான் காரணம்.

"சப்பாத்தைப் போடுங்கோ. பார்க்குக்குப் போறம். நீங்கள் எறிஞ்ச மாதிரி இலையை நீங்களே பொறுக்கித் தாங்கோ."

"ஆரும் கண்டால் என்னடி நினைப்பினம்?"

"மகளின்ரை வேலைக்கு உலை வைச்ச மனுசி எண்டு நினைப்பினம்."

வீட்டுக்குக் கிட்ட இருந்த குட்மேய்ஸ் பார்க்கில் நிலம் தெரியாமல் இலை கொட்டிக் கிடந்தது. கோசிகா ஒரு மஞ்சள் இலையை எடுத்துக் காட்டினாள். அதில் சாந்துப்பொட்டு வைத்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். வேலியோரம் கிடந்த பிளாக்பெரி இலையில் வெள்ளைக் கோடு ஒன்று நூல்போல் தொடங்கி, வளைந்து வளைந்து போய், கடைசியில் நாடாவாகி நின்றது.

"உள்ளுக்கை இருந்த புழு திண்டுகொண்டு போன பாதை. தின்னத் தின்னப் புழு கொழுக்குது, கோடும் கொழுக்குது. இப்பிடி ஒரு கோடு கையாலை கீற ஏலாது."

"திண்டு கொழுத்ததுக்கு ஒரு படமோ," என்றாள் சுசிலா.

ஆனால் அவளுடைய கண் விடவில்லை. வாழ்நாள் முழுக்கப் பூச்சி தின்ற கீரையைத் தேடிப்பிடித்து எறிந்த கண். கோசிகா ஒன்றை எடுப்பதற்குள் அவள் ஐந்தை எடுத்தாள். சற்று நேரத்தில் மகள் பொறுக்கியதையே வாங்கிப் பார்த்து, "இது என்ன பழுது? விடு, அங்காலை நல்ல பழுதாய்க் கிடக்குது," என்று திருத்தவும் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் கோயிலில் பழக்கமான கமலாம்பிகை நடைப்பயிற்சிச் சப்பாத்தோடு வந்தாள். கோயிலில் பார்த்ததை இல்ஃபோர்ட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்.

"என்ன சுசிலா, குப்பை பொறுக்கிறாய்?"

மகள் பெரிய மனேஜர் என்று சுசிலா கோயிலில் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே, "முழங்காலுக்கு அக்கா. சுத்திக் கட்டினால் நோகாது," என்றாள்.

கோசிகா வாயைத் திறந்தாள். தாய் அவளுடைய காலை மிதித்தாள்.

கமலாம்பிகைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த நாள் முதல் முழங்கால்தான் பேச்சு. உடனே குனிந்தாள். "எந்த இலை?"

"ஓட்டை இல்லாதது," என்றாள் சுசிலா அவசரமாக. "பழுதைத் தொட்டிடாதையுங்கோ, அக்கா."

நேர்முகத்தில் கோசிகா ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைத் திறந்தாள். கறிவேப்பிலை வைப்பதுபோல் ஈரத் தாள் சுற்றித் தாய்தான் அடுக்கியிருந்தாள். எதிரே இருந்த பெண் புழுப் பாதை ஓடிய இலையைப் படத்தின் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படித் தெரிவு செய்கிறீர்கள்?"

பல்கலைக்கழகத்தில் பழக்கியிருந்த நீளப் பதில் ஒன்று இருந்தது. காலையில் வந்த கோபத்தில் அது எங்கேயோ போய்விட்டது.

"அம்மாதான் தெரிவு செய்தார். வீட்டுக்குள் இருக்கக் கூடாதென்று அவர் எறிவதெல்லாம் இதற்குள் இருக்கிறது."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு, திங்கட்கிழமையே வேலைக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

ஸ்டேஷனில் நின்று கோசிகா தாய்க்குப் போன் எடுத்தாள்.

"கிடைச்சிட்டுது."

"பூச்சி திண்டதுக்கோ?"

"ஓம்."

"கமலாம்பிகை அக்காவும் போன் எடுத்தவ. இலையைக் கட்டிக்கொண்டு, கைபிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறிட்டாவாம். மோர்டனிலை இருக்கிற தங்கச்சிக்கும் வேணுமாம்."

"அம்மா, அது பொய் எண்டு நான் அவவுக்குச் சொல்லப் போறன்."

"சொல்லன். முதல்லை மனுசி படி இறங்கட்டும்."