யார் பக்கம்

"பாலின், நீங்க இறந்தவரோட குடும்பம். அதனால இந்தப் பக்கம் உக்காருங்க," என்றாள் டோனா. டெரிக் செத்த நாளிலிருந்து பாலினுக்குத் துணையாகப் போலீஸ் அனுப்பி வைத்தவள் அவள். நல்ல பெண்தான். ஆனால் கல்யாணத்தில் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டு உட்கார வைப்பதைப் போல அல்லவா சொல்கிறாள்! செத்தது புருஷன், கொன்றது பெற்ற பிள்ளை. இங்கிலாந்தின் ஹல் நகர நீதிமன்றத்தில் அப்படிப்பட்டவளுக்கென்று தனி நாற்காலி கிடையாது.

காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் டெரிக்கின் தங்கை பிரெண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு டாக்டர் எழுதிக் குடுத்தா கொலை கொலையில்லாமப் போயிடுமா?"

"அவனுக்கு மனசு சரியில்ல பிரெண்டா."

"எங்கண்ணன் மட்டும் சரியாச் செத்துட்டானாக்கும்."

அரசு வக்கீல் நேற்றே ஒப்புக்கொண்டுவிட்டார். நோய் மகன் க்ரெய்க்கின் புத்தியைக் கலக்கியிருந்தது, முழுப் பொறுப்பும் அவனுடையதல்ல, ஆகவே கொலைக் குற்றம் ஒரு படி குறைந்த குற்றமாக இறங்கும். அவனிடம் குறைத்த பங்கு யார் தலையில் விழும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பாலினுக்குத் தெரியும். அவன் மாத்திரையை நிறுத்திவிட்டதைப் பார்த்தவள் அவள்தான். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு? டீயைப் போடு, பையன் தன்னால சரியாயிடுவான்," என்றான் டெரிக். அவளும் டீ போட்டாள்.

க்ரெய்க்கைக் கண்ணாடித் தடுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மருந்தில் முகம் உப்பியிருந்தது. குமாஸ்தா அவன் பெயரைக் கேட்டார். அவன் காதில் விழவில்லை. தன் பக்கத்தார் உட்காரும் வரிசையை ஒவ்வோர் இடமாகத் தேடிக்கொண்டிருந்தான். அங்கே ஒருவருமில்லை. அம்மாவும் கைவிட்டாள் என்றுதானே நினைப்பான்? பாலின் எழுந்தாள்.

"உக்காரு," என்றாள் பிரெண்டா பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்பப் போனா என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

"அந்தப் பக்கம் யாருமே இல்ல பிரெண்டா."

பிரெண்டா காலை மடக்கவில்லை. பாலின் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வெளியே வந்து, எல்லோரும் பார்க்க நடுவழியைக் கடந்து, அந்த நீண்ட காலி வரிசையில் தனியாக உட்கார்ந்தாள்.

க்ரெய்க் அவளைப் பார்த்துவிட்டான். உதடு லேசாக அசைந்தது. பிறகு அவன் பார்வை, அப்பாவைத் தேடுவது போல, அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போய் அங்கேயே நின்றது. பாலின் அந்த நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.