எதிர்க்கடைமேல் வைத்த கண்

சேலம் மாநகரின் இரைச்சலையும் புழுதியையும் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, கொண்டையூசி வளைவுகளை ஒவ்வொன்றாய்க் கடந்து, ஏற்காட்டின் ஏரிக்கரையில் பேருந்து வந்து நின்று கதவு திறக்கும்போது, உள்ளிருப்போர் முதலில் உணர்வது குளிரையன்று; மணத்தையே. கார்த்திகைத் திங்களின் அந்தக் காலை வேளையில், நிழல்மரங்களின் உச்சியில் பனி இன்னும் தங்கியிருக்க, அம்மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக்கொடிகள் ஈரம் சொட்ட, காப்பிச் செடிகளின் கணுதோறும் காய்கள் சிவந்து நிற்க, கடைத்தெருவில் வறுபடும் கொட்டையின் புகை தெருமுனைவரை தவழ்ந்து வந்து, வருவோரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது. கற்றறிந்த அன்பரே, அந்தப் புகை எதிரெதிரே நின்ற இரண்டு கடைகளிலிருந்து எழுந்தது. தெரு நடுவே புகைகள் கலந்தன; கடைக்குரியவர்கள்தாம் கலக்கவில்லை.

கீழ்ப்புறக் கடை ருக்சானாவுடையது. மேற்புறக் கடை அவளுடைய தம்பி இர்பானுடையது. இம்மலையில் காப்பித்தூளும் மிளகும் விற்று நற்பெயர் ஈட்டிய பக்கீர் முகமது மறைந்தபின், அவர் மக்கள் இருவரும் அக்கடையை ஒரு நிறுவனமாக்கி, சில ஆண்டுகள் ஒன்றாகவே நடத்தினர். நிறுவனமென்றால் அதற்கென நெறி வேண்டுமென்று மூன்று நெறிகளை வகுத்து, வண்ணம் தீட்டிய பலகையில் எழுதுவித்தவள் ருக்சானாவே. எதிரே நிற்பவரின் முகம் பார்த்துப் பேசு என்றும், நம் வீட்டில் பயன்படுத்தாததைப் பிறர் வீட்டுக்குக் கொடாதே என்றும், வெறுங்கையோடு திரும்புபவரை அழைத்து என்ன தேடி வந்தார் எனக் கேள் என்றும் அப்பலகை சொல்லிற்று. அது கல்லாவுக்குப் பின்சுவரில் மாட்டப்பட்டதால் வாங்க வருவோர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. கல்லாவில் அமர்ந்தவள் முதுகுக்கு மட்டுமே தெரிந்தது.

பின்னர் மலைக்கு வருவோர் மாறினர். குடும்பத்தோடு வந்து, மிளகுப் பொட்டலமும் தைலப் புட்டியும் வாங்கிப்போனவர்கள் குறைந்து, ஈருருளிகளில் கூட்டமாய் வந்து, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து, இந்த வாரம் ஒன்றும் மறுவாரம் வேறொன்றும் கேட்கும் இளையோர் பெருகினர். உடனே மாறவேண்டும் என்றான் தம்பி. சற்றுப் பொறு என்றாள் அக்காள். சொல் வளர்ந்து, மனம் கசந்து, நிறுவனம் இரண்டாயிற்று. பிரிந்துபோன இர்பான் எதிரிலேயே கடை திறந்ததைக்கூட ருக்சானா பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவள் வகுத்த அதே மூன்று நெறிகளை அதே வண்ணத்தில் எழுதித் தன் சுவரில் அவன் மாட்டியதை அவளால் பொறுக்க முடியவில்லை. கல்லாவுக்கு நேரேயிருந்த சாளரத்தின் வழியே அப்பலகை நாள்தோறும் அவள் கண்ணில் பட்டது. படித்தாள்; படிக்கும்தோறும் வயிறெரிந்தாள். என் சொற்கள் அவன் சுவரிலா என்று எரிந்தாளேயன்றி, அச்சொற்கள் என்ன சொல்கின்றன என்று ஒருநாளும் எண்ணினாளில்லை.

அழுக்காறு என்பது ஒருவரைச் சும்மா இருக்கவிடாத நோய். இர்பான் கடையில் நாலுபேர் நின்றால் இவளுக்கு நாற்பது பேராய்த் தெரிந்தது. அவன் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று பட்டது. அவன் கமலா ஆரஞ்சின் தோலை உலர்த்தி அரைத்துக் காப்பித்தூளில் கலந்து, மஞ்சள் பொட்டலத்தில் இட்டு விற்பனைக்கு வைத்த நாளில் அவள் சோறு உண்ணவில்லை. அது எத்துணை விரைவில் விற்கிறது என்று அறியும்பொருட்டு, தன் கடையில் தூள் அரைக்கும் மலரிடம் சொல்லி, அவள் உறவினரை ஒருவர்பின் ஒருவராய் அனுப்பி வாங்கிவரச் செய்தாள். வைத்தவை வைத்தவையாகவே தீர்ந்தன. மனம் கொதித்து, தானும் மிளகு கலந்த தூளைப் பச்சைப் பொட்டலத்தில் இட்டு வைத்தாள். என்ன வியப்பு! அதுவும் அடுக்கிய வேகத்தில் தீர்ந்தது. வெறுந்தூள் விற்பதையே விட்டுவிட்டு, செருக்கோடு மேலும் அரைத்தாள். எதிரே அவனும் அவ்வாறே மேலும் அரைத்தான். இவளும் மேலும் ஆளனுப்பி வாங்கினாள். வாங்கிய மஞ்சள் பொட்டலங்கள் பின்கட்டுக் கிடங்கில் கூரை தொட வளர்ந்தன.

இடையிடையே மலர் வந்து சொல்வதுண்டு.

"ஏனுங்கக்கா, ஒண்ணுமே சேக்காத தூளு வேணும்னு ரெண்டு புள்ளைங்க வந்துச்சுங்க. இல்லேன்னதும் போயிருச்சுங்க."

"போனாப் போகட்டும் கண்ணு. எதிர்ல என்ன புதுசா எறக்கறான், அதப் பாரு" என்பாள் ருக்சானா, சாளரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

இவ்வாறிருக்கையில்தான் தலைச்சோலைத் தோட்டக்காரி அத்தாயி வந்தாள். பக்கீர் முகமது காலந்தொட்டு அக்குடும்பத்துக்குக் கொட்டை கொடுத்துவந்தவள் அவள். அவள் தோட்டத்துக் காப்பி இல்லையேல் ருக்சானாவின் கடையும் இல்லை, இர்பானின் கடையும் இல்லை. இனி இரண்டு இடத்துக்கும் பங்கு வைக்கத் தன்னால் இயலாதென்றும், இவ்வாண்டு விளைச்சல் முழுவதும் ஒருவருக்கே என்றும் அவள் முன்னரே சொல்லி அனுப்பியிருந்தாள். ஆதலின் யாருக்கு அக்கொட்டை, யாருக்குப் பூட்டிய கதவு என்பது அன்று முடிவாகவேண்டியிருந்தது. அவளோ வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் இர்பான் கடைக்குள் நுழைந்தாள். அவள் வெளியே வரும்வரை ருக்சானா பட்டபாட்டை எழுதினால் ஏடு தாங்காது.

ஒருவழியாகத் தெருவைக் கடந்து அத்தாயி வந்து அமர்ந்தாள். மலர் கொணர்ந்த காப்பியை ஆற்றிக் குடித்தவள், தம்ளரையே உற்றுப் பார்த்தாள்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி. மொளகு வாசமும் இல்ல, ஆரஞ்சு வாசமும் இல்ல. எந்தத் தூளுங்க இது?"

"அது விக்கறதில்லைங்க. நம்ம ஊட்டுக்குன்னு வறுத்தது. உங்க தோட்டத்துக் கொட்டைதான், வேற ஒண்ணும் சேக்கறதில்லைங்க."

அத்தாயி ருக்சானாவின் தலைக்கு மேலிருந்த பலகையின் இரண்டாம் நெறியை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சரிங்க, என்ற மூட்டைய எங்க அடுக்குவீங்க? கெடங்கக் காட்டுங்க."

ருக்சானா, சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மலர் கள்ளமின்றிச் சென்று கதவைத் திறந்துவிட்டாள். திறந்த வேகத்தில் மேலிருந்த மஞ்சள் பொட்டலங்கள் சரிந்து, பொத்துப் பொத்தென்று அத்தாயியின் காலடியில் விழுந்தன. ஒன்றை எடுத்து, அதிலிருந்த இர்பான் கடையின் பெயரைப் படித்த அத்தாயி முதலில் விழித்தாள். பின் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"இப்பத்தானுங்க உங்க தம்பி கெடங்கப் பாத்துப்போட்டு வந்தேன். அங்க பூராவும் உங்க பச்சைப் பொட்டலமுங்க! அவரும் ஆளு வெச்சு வாங்கியிருக்கறாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாங்கித்தான் இத்தனை யாவாரமுங்களா?"

நாணத்தால் தலைகவிழ வேண்டிய அந்த நொடியில், அன்பரே, ருக்சானாவின் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேளுங்கள். மனித நெஞ்சத்தை அறிந்தவர் நகைக்கமாட்டார்.

"யாரோட குவியல் பெருசுங்க?"

"உங்களுதுதானுங்க அம்மணி" என்றாள் அத்தாயி.

அவனிடமிருந்து தான் வாங்கியதே மிகுதி. தன்னிடமிருந்து அவன் வாங்கியது குறைவு. இதிலும் அவனே வென்றான் என்று ஒரு கணம் எரிந்தாள். மறுகணமே அவ்வெரிச்சலின் கீழ்மை அவளுக்கே தெரிந்துவிட, சரிந்த பொட்டலங்களின் நடுவே அப்படியே அமர்ந்துவிட்டாள். அத்தாயியும் சிரிப்பை நிறுத்தி அருகே குந்தினாள்.

"போன மாசம் பூரா என்ற களத்து வாசல்ல வண்டி வண்டியா வந்து நிக்கறாங்க. எல்லாம் சின்னப் புள்ளைங்க. ஒண்ணும் சேக்காத காப்பி வேணும், எந்தத் தோட்டத்துல வெளைஞ்சுதுன்னு தெரியோணும்ங்கறாங்க. கடைத்தெருவுல கேட்டுப் பாருங்கன்னேன். ரெண்டு கடையும் ஏறி எறங்கிட்டோம், இல்லேன்னுட்டாங்க, திரும்பிப் போறவங்களக் கேப்போம்னு பலகை மட்டும் மாட்டியிருக்குது, ஒருத்தரும் எங்களக் கேக்கலேன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

"அப்ப, கொட்டை..."

"இந்த வருசம் ஆருக்கும் இல்லைங்க அம்மணி. நானே வறுத்து நானே குடுத்துக்கறேன். உங்கப்பாவ நெனைச்சு மனசு கேக்காமத்தான் ரெண்டு பேர்த்தையும் ஒருக்கா பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன். கெடங்கு இப்படி நெறைஞ்சு கெடந்தா, என்ற மூட்டைக்கு எடம் ஏதுங்க?"

அவள் போய்விட்டாள். வண்டியின் ஓசை தலைச்சோலைச் சாலையில் தேய்ந்து மறைந்தது. தந்தை காலத்திலிருந்து வந்த உறவும், வரப்போகும் ஆண்டின் நம்பிக்கையும் அவ்வோசையோடு போயின. அவற்றைப் பறித்தவன் இர்பான் என்று சொல்லிக்கொள்ள ருக்சானா முயன்றாள், முடியவில்லை. நெடுநேரம் கழித்து எழுந்து, முக்காலி போட்டு ஏறி, பின்சுவர்ப் பலகையைக் கழற்றினாள். தூசு தட்டி, தான் எழுதுவித்த சொற்களைப் பல ஆண்டுகளுக்குப்பின் பொருளுணர்ந்து படித்தாள். பின்னர் அதைக் கொண்டுபோய்க் கல்லாவுக்கு நேரேயிருந்த சாளரத்தை மறைத்து, தன் முகம் பார்க்க ஆணியடித்து மாட்டினாள். கடைக்குள் வெளிச்சம் சற்றுக் குறைந்தது. எதிர்க்கடை மறைந்தது.

அவள் சுத்தியலை வைக்கவும், தெருவுக்கு அப்பாலிருந்து ஆணியடிக்கும் ஓசை எழுந்தது. அவனும் பலகையை இடம் மாற்றுகிறானோ? தன்னைப் பார்த்துச் செய்கிறானோ, தானே நினைத்துச் செய்கிறானோ? யார் முந்தியது? பழைய தீ குபுகுபுவென்று மேலெழ, எட்டிப் பார்க்கும் ஆவலோடு வாசலுக்கு விரைந்தாள். அங்கே, தலைக்கவசத்தைக் கையில் பிடித்த இளம்பெண் ஒருத்தி, இவள் ஆணியடிக்கையில் உள்ளே வந்து அடுக்குகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். சுத்தியலோசை ஒருபுறம் இழுத்தது; இறங்கிப்போகும் முதுகு மறுபுறம் இழுத்தது. நெஞ்சம் அவ்வாறு இரண்டாய்க் கிழிந்த துன்பம் ருக்சானா மட்டுமே அறிந்தது.

"ஏனுங்க கண்ணு, என்ன தேடி வந்தீங்க?"

ஒன்றும் சேர்க்காத தூள் என்றே விடை வருமென்று எண்ணிக் காத்திருந்தாள். வந்த விடை வேறு.

"சூடா ஒரு காப்பி குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் உக்காரலாம்னு பாத்தேன் ஆன்ட்டி. இங்க பொட்டலம்தானே இருக்கு!"

ருக்சானா அப்பெண்ணின் முகத்தை முழுதாய்ப் பார்த்தாள். குளிரில் உதடு வெளுத்திருந்தது. "உள்ள வா சாமி" என்றாள். வீட்டுக்கென வைத்திருந்த டப்பாவை எடுத்துவரச் சொல்லி மலருக்குக் குரல் கொடுத்தாள். அப்பெண்ணை முக்காலியில் அமர்த்தி, தான் தெருவுக்கு முதுகு காட்டி எதிரே அமர்ந்தாள்.

அழுக்காறு அன்றோடு அவளைவிட்டு அகன்றது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எதிரே சுத்தியல் இன்னும் ஒலித்தது. ஒவ்வோர் அடிக்கும் அவள் கழுத்து திரும்பத் துடித்தது. வந்தவள் குடித்து முடிக்கும்வரை அவள் திரும்பவில்லை. போன விளைச்சல் போனதுதான். டப்பாவில் எஞ்சியிருந்த தூளும் கொஞ்சந்தான். ஆயினும் அந்தக் கொஞ்சத்தின் ஆவி தம்ளரிலிருந்து எழுந்து, வாசல் கடந்து, எதிரிலிருந்து வந்த புகையோடு தெரு நடுவே ஓசையின்றிக் கலந்தது.