கோட்டுச்சேரியின் கணித மேதை

மகள் தமிழ்மொழி கெட்டிக்காரியா, மக்கா என்பது சிவநாதனுக்கு இன்னும் பிடிபடவில்லை. எந்தக் கணக்கையும் வாயால் கேட்டால், கேட்டவர் மூச்சு வாங்குவதற்குள் விடை சொல்லிவிடுவாள். அதையே எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், எண்கள் குப்புற விழும். மணி அடிக்கும்போது தாள் பாதி வெள்ளையாகவே இருக்கும். புத்தியில் குறையில்லை, எழுதுவதில்தான் சிக்கல் என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருந்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். அதற்குப் பள்ளி முதல்வர் சந்திரலேகா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பெயில்தான்.

முதல்வர் பேனாவைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மூடிவிட்டார்.

"அது உங்க பொண்ணுதானே சார்?"

எதிரே பஸ் ஸ்டாப்பில் ஒரு பேனர். தமிழ்மொழி மனக்கணக்குப் போட்டியில் பரிசு வாங்கியதற்கு அவள் தாய்மாமன் சோமு வைத்தது. நடுவில் சோமு கைகூப்பி ஆளுயரத்துக்கு நின்றார். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட அவருடைய சேக்காளிகள், பெயர்களோடு. மூலையில் தேங்காய் அளவுக்குத் தமிழ்மொழியின் முகம். பெயருக்கு இடம் போதவில்லை. உச்சியில், 'கோட்டுச்சேரி கண்டெடுத்த கணித மேதையே!'

"ஊரே மேதைங்குது. மேதைக்கு எழுத ஆள் வேணும்னு நான் கையெழுத்துப் போட்டா சிரிக்க மாட்டாங்களா? மேதையா, முடியாத புள்ளையா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டுந்தாங்க மேடம்."

"ரெண்டா இருக்க ரூல் இல்லைங்களே."

அப்படியொரு ரூல் உண்டா என்று கேட்கத் தெரியாமல் சிவநாதன் ஏணியோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். தமிழ்மொழி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முதல் கயிற்றில் கத்தி படுவதற்குள் சோமு வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, என் கழுத்துக்கே கத்தி வைக்கிறீங்க?"

"புள்ள படிப்புக்காகத்தான் மச்சான்."

"நானும் அதுக்குத்தானே வச்சேன்! திருவிழா வருது, வெளியூர் சனமெல்லாம் எறங்குற எடம். இப்பப் போயி அவுக்குறீங்களே!"

சிவநாதன் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றார். கீழேயிருந்து தமிழ்மொழி கேட்டாள்.

"மாமா, என் மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துக்கட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

சோமுவின் பார்வை மூலைக்குப் போய், திரும்பி வந்து நடுவில் நிலைத்தது.

"இதுக்குத்தாண்டி மேதைங்கிறது! பாத்து வெட்டச் சொல்லு, பக்கத்துல என் தோளு இருக்கு."

மறுநாள் முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். "இப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார். நேற்றைக்கும் இன்றைக்கும் மகளிடம் என்ன மாறியது என்று யோசித்துக்கொண்டே சிவநாதன் அவளோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். பேனரின் கீழே வரிச்சிக்குடியிலிருந்து வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சோமுவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"கணக்குல நீங்க இவ்வளவு பெரிய ஆளா? சொல்லவே இல்லையே!"

"நாம எதுக்குங்க வாயால சொல்லிக்கணும்" என்றார் சோமு.

சிவநாதன் மகளைப் பார்த்தார். "இப்புடி ஆவும்னு தெரிஞ்சேதான் சொன்னியா?"

தமிழ்மொழி தன் முகம் இருந்த ஓட்டை வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வருதுப்பா."