ஃபிரிட்ஜ் பாட்டு

“இது வேணாம்மா. இதுல மண்டை ஓடு இருக்கு” என்று மகள் கறுப்பு டீ ஷர்ட் ஒன்றைக் கட்டிலில் வீசினாள். ஏற்கெனவே குவிந்து கிடந்தவற்றின் மேல் அது விழுந்தது.

“இது?” என்றாள் டீச்சர், அலமாரிக்குள் விட்ட தலையை எடுக்காமல்.

“‘எல்லாம் நாசமாப் போகட்டும்’னு போட்டிருக்கு.”

“சரி, அடுத்ததைப் பாரு.”

டீச்சர் என்பது தெருவில் எல்லோரும் அவளைக் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து அறையில் அவள் கணவர் பெட்டிக்குள் போர்வையோடு படுத்திருந்தார். அமரர் ஊர்தி வருவதற்குள் அவருக்குச் சட்டை மாட்டியாக வேண்டும். அவரிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதை மகள் காலையில் அழுதுகொண்டே இஸ்திரி போட்டதில் மார்புப் பக்கம் முக்கோணமாகத் தீய்ந்துபோய்விட்டது. மற்றதெல்லாம் கிரீஸ் படிந்த வேலைச் சட்டைகள். அதை விட்டால் இந்த டீ ஷர்ட்டுகள்.

மனிதர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். வாரம் முழுக்க ஊரார் வீட்டுச் சமையலறைகளில் மண்டியிட்டுக் கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், ஏதாவது கிடங்கிலோ புத்தகக் கடை மாடியிலோ யாரும் கேள்விப்படாத ஒரு குழு பாடுவதைக் கேட்கக் கிளம்பிவிடுவார். சினிமாப் பாட்டு கிடையாது, பெரிய மேடைக் கச்சேரியும் கிடையாது. தாங்களே எழுதி, தாங்களே பாடி, பல சமயம் தாங்களே கேட்டுக்கொள்ளும் குழுக்கள். போகிற இடத்திலெல்லாம் வாசலில் ஒரு மேஜை போட்டு டீ ஷர்ட் விற்பார்கள். யாருமே வாங்காததைப் பார்க்க மனசு கேட்காமல் இவர் ஒன்று வாங்கிவிடுவார்.

“இது பரவாயில்லையே” என்றாள் நாத்தனார். இறந்தவரின் அக்கா. காலையிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்து, வாசகர்களை “உஷ்” என்று அதட்டியே ஓய்வு பெற்றவள். அப்பேர்ப்பட்டவளின் கூடப்பிறந்த தம்பி ஏன் போய் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றான் என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வெள்ளைத் துணி. நெஞ்சில் சின்னதாக ஒரு பல்லின் படம், அடியில் ‘பல்வலி’ என்று எழுத்து.

“குழுவோட பேரு அத்தை” என்றபடி மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது. “முதுகுல பெருசா ‘வாயை மூடு’ன்னு இருக்கு.”

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். “அதுல என்ன தப்பு? நான் முப்பது வருஷமா சொன்னது அதைத்தானே. போட்டு விடுங்க.”

போட்டுவிட்டார்கள். அளவு சரியாக இருந்தது.

முந்தின நாள் மதியம் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் மூன்று குழுக்கள் பாடியிருக்கின்றன. அவர் வழக்கம்போல முன்வரிசையில் ஸ்பீக்கரை ஒட்டி இருந்திருக்கிறார். முழங்கால் வலி வந்ததிலிருந்து அங்கே அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தால் இடுப்புவரை டயருக்குள் அமுங்கிவிடுவார். ஆள் சாயவே முடியாது. கையைக் கட்டிக் கண்ணை மூடித்தான் அவர் எந்தப் பாட்டையும் கேட்பார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டி, “அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க, ஸ்பீக்கரை எடுக்கணும்” என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. இதயம் என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார்.

எல்லோரும் அதையே சொல்லி டீச்சருக்கு ஆறுதல் கூறினார்கள். அவளை அரித்தது வேறு.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவரோடு போயிருக்கிறாள். பாடகன் தரையில் படுத்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டதைப் பற்றி அரைமணி நேரம் அலறினான். டீச்சர் கைக்குட்டையின் இரண்டு முனைகளைத் திருகிக் காதுகளில் அடைத்துக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்த்தார், சிரித்தார். அதற்கப்புறம் கூப்பிடவில்லை, அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஞாயிறு சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பாள். “சுமார்தான். ஆனா ஒரு இடம் வந்துச்சு பாரு...” என்று இழுப்பார். அதோடு சரி. என்ன இடம், அப்படி என்ன வந்தது என்று அவர் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. “கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்” என்பாள்.

நேற்று அவர் வந்து எதுவும் சொல்லவில்லை. அதுதான்.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. ஒரு கூட்டமே வந்து நின்றது. ஒருவனுக்குத் தலைமுடி பச்சை. ஒருத்திக்கு மூக்கில் இரண்டு வளையம். முதுகில் கிட்டார் உறையோடு கொஞ்சம் வயதான ஒரு பெண். எல்லோருக்கும் முன்னால் சைக்கிள் கடைக்காரர், கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு.

“நேத்து தூக்குறப்போ ஒரு ஷூ கழண்டு டயருக்குள்ள விழுந்துடுச்சுங்க. இப்பத்தான் கிடைச்சுது” என்று நீட்டினார்.

அவருக்குப் பின்னாலிருந்த ஒல்லிப் பையன், டிரம்ஸ் அடிப்பவனாம், குரல் உடைந்து, “அண்ணி, எங்களை மன்னிச்சிடுங்க” என்றான்.

“நீ யாருப்பா? எதுக்கு நான் மன்னிக்கணும்?” என்றாள் நாத்தனார், கதவருகே வந்து.

“நீங்க இல்லீங்க. அண்ணனோட...”

“என்னைச் சொல்றான் அண்ணி” என்றாள் டீச்சர்.

இறந்தவரை அங்கே எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்களாம். அங்கிள் என்று கூப்பிட்டால் டீ ஷர்ட் வாங்க மாட்டேன் என்று மிரட்டி வைத்திருந்தாராம். அந்தக் கணக்கில் டீச்சர் அவர்களுக்கு அண்ணி; டீச்சருக்கு நாத்தனார் அண்ணி. அன்று முழுவதும் யார் “அண்ணி” என்றாலும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டியைச் சுற்றி நின்றதும் மூக்கு வளையக்காரி விம்மி வெடித்தாள். “எங்க சட்டை! எங்க சட்டையைப் போட்டிருக்காரு!” பச்சைத் தலையன் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான்: “நம்மளுது மூணு வாங்கினாரேடா...”

டீச்சர் அவர்கள் அழுது ஓயும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, புதிதாக வண்டி கற்க வருபவர்களிடம் கண்ணாடியைச் சரிசெய்தாயா என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

“எந்தப் பாட்டுல போனாரு?”

பச்சைத் தலையன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

“பயப்படாம சொல்லுங்க. யார் மேலயும் பழி போடப் போறதில்ல. எனக்குத் தெரியணும்.”

“எங்க பாட்டுல இல்லீங்க” என்றாள் மூக்கு வளையக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நாங்க முடிச்சப்போ கை தட்டினாரு. நான் பார்த்தேன். அவரு மட்டும்தான் தட்டினாரு.”

“எங்களுதுலயும் இல்ல” என்றான் பச்சைத் தலையன் அவசரமாக. “கடைசிப் பாட்டு வரைக்கும் ‘சத்தம் பத்தல, கூட்டு’ன்னு கையைக் காட்டினாரு.”

“பத்தலைன்னானா?” என்று நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள்.

கிட்டார் உறைக்காரி சுவரோரம் நின்றிருந்தாள். “என் பாட்டுலதான்னு நினைக்கிறேன் அண்ணி” என்றாள் தரையைப் பார்த்து. “ஃபிரிட்ஜ் பாட்டுல.”

“என்ன பாட்டு?”

“ஃபிரிட்ஜ் பாட்டு. என் வீட்டு ஃபிரிட்ஜ் ஓயாம உறுமுதுன்னு ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்தேன். அண்ணன் வந்து அது மேல காதை வச்சுக் கேட்டாரு. ‘உறுமல்னு சொல்லாதம்மா, நல்ல சுருதியில நிக்குது. சரி பண்ணணுமா, இப்படியே விட்டுடவா?’ன்னு கேட்டாரு. விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். அதை வச்சுத்தான் பாட்டு எழுதினேன்.” அவள் கிட்டார் உறையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டு முழுக்க அந்த உறுமல் ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல, ஃபிரிட்ஜ் தானா நிக்கும் பாருங்க, அது மாதிரி எல்லாத்தையும் டக்குனு நிறுத்திடுவோம். அந்த அமைதியில அண்ணன் ஒரு ‘ஆ’ சொல்லுவாரு. எப்பவும் சொல்லுவாரு. அதைக் கேட்டப்புறம்தான் திரும்ப ஆரம்பிப்போம். நேத்து வரல.”

“வரவே இல்லையா?”

“காத்திருந்து பார்த்தோம். பாட்டு அவருக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன். கோவம் வந்துடுச்சு அண்ணி. அடுத்த பாட்டைத் திட்டுற மாதிரி பாடிட்டு இறங்கிட்டேன்.”

“எப்படித் திரும்ப ஆரம்பிச்சீங்க?” என்றாள் மகள்.

டிரம்ஸ்காரன் தலையைக் குனிந்தான். “எனக்குத் தும்மல் வந்துடுச்சுங்க. அதையே ‘ஆ’ன்னு வச்சுக்கிட்டோம்.”

டீச்சர் பெட்டியைப் பார்த்தாள். “அப்போ அந்த இடம் வந்தப்போ இவரு இருந்தாரா, இல்லையா?”

சைக்கிள் கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தொண்டையை மட்டும் செருமினார்.

“பாடும்மா” என்றாள் டீச்சர்.

“இங்கயா?”

“இங்கதான்.”

“என்ன கூத்து இது?” என்று நாத்தனார் கையை உயர்த்தினாள். “சாவு வீட்டுல ஃபிரிட்ஜைப் பத்திப் பாட்டா? அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?”

“அண்ணி, எனக்கு அந்த இடத்தைக் கேக்கணும். இனிமே இவரு வந்து சொல்லப் போறதில்ல.”

நாத்தனார் உயர்த்திய கையை இறக்கினாள். பிறகு உட்கார்ந்தாள். “சன்னமாப் பாடச் சொல்லு.”

அது சன்னமாகப் பாடக்கூடிய பாட்டாக இல்லை. டிரம்ஸ்காரன் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் உதடுகளை மூடி “ம்ம்ம்” என்று ஒரே சுருதியில் உறும ஆரம்பித்தார்கள். கிட்டார்க்காரி பாடினாள்:

*பால் இருக்கு, தயிர் இருக்கு,*
*பாதி வெட்டின எலுமிச்சை இருக்கு,*
*எனக்குன்னு எரியுற வெளக்கு*
*உனக்குள்ளதான் இருக்கு.*

“முட்டையை விட்டுட்டாளே” என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

உறுமல் ஏறிக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அவருக்குச் சுருதி வேறு. டீச்சருக்குச் சகிக்கவில்லை. இதற்கா மனிதர் ஞாயிறு தவறாமல் ஓடினார்? அவள் கை தானாகக் காதுக்குப் போனது. அதைப் பாதி வழியில் இறக்கிக்கொண்டாள்.

சட்டென்று எல்லாம் நின்றது.

அறையே ஒரு அங்குலம் கீழே இறங்கியதுபோல் இருந்தது. அதுவரை காதில் இருந்தது போனபிறகுதான் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. டீச்சரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. கற்றுக்கொள்பவர்கள் தடுமாறும்போது தன் பக்கத்து பிரேக்கைத் தேடுமே, அந்தக் கால். கிட்டார்க்காரியின் கை தந்திக்கு மேலே அந்தரத்தில் நின்றது. டிரம்ஸ்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். தங்களையும் அறியாமல் எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

அந்த அமைதியில், நூலகத்தில் பேசும் குரலில், நாத்தனார் கேட்டாள்:

“முடிஞ்சிடுச்சா?”

மகளிடமிருந்து மூக்கு வழியாக ஒரு சிரிப்பு பீறிட்டது. பச்சைத் தலையன் குலுங்கினான். டீச்சர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவளிடமிருந்து வந்தது சிரிப்பாகத்தான் கிளம்பியிருக்க வேண்டும். வாயைத் திறந்ததும் “ஆ...” என்று மட்டும் வந்தது, நீளமாக, அவள் நினைத்ததைவிட உரக்க.

அது சிரிப்பா அழுகையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிட்டார்க்காரி தந்தியில் அடித்தாள். பாட்டு மறுபடி ஓடியது.

முடிந்ததும் எல்லோரும் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சுமார்தான்” என்றாள்.

கிட்டார்க்காரி அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினாள்.

வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும் என்றார் வண்டிக்காரர். குழுக்காரர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். “நான் எண்ணுறேன், சேர்ந்து தூக்கணும்” என்றான் டிரம்ஸ்காரன். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” பச்சைத் தலையன் மூன்றிலேயே தூக்கிவிட்டான். மற்றவர்கள் நான்குக்காகக் காத்திருந்தார்கள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சைக்கிள் கடைக்காரர் பாய்ந்து தாங்கினார்.

“நேத்தும் இப்படித்தான் வாசிச்சீங்களா?” என்றாள் நாத்தனார்.

மகளும் நாத்தனாரும் எதிர்வீட்டுக்காரர் காரில் ஏறிக்கொண்டார்கள். குழுக்காரர்களுக்கு வண்டி இல்லை; பேருந்தில் வந்தவர்கள். “ஏறுங்க” என்று டீச்சர் தன் காரைக் காட்டினாள். கூரையில் ‘பயிற்சி வண்டி’ என்ற பலகை இருந்தது. கழற்ற நேரமில்லை. பின்சீட்டில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள். கிட்டார்க்காரி முன்னால் உட்கார்ந்து, இரண்டு கால்களையும், பாடம் நடத்தும்போது டீச்சர் மிதிக்கும் அந்தப் பக்கத்து பிரேக்கில் படாமல் ஒடுக்கிக்கொண்டாள்.

கார் அமரர் ஊர்தியின் பின்னால் கிளம்பியது.

“அடுத்த ஞாயிறு உனக்கு எங்க?” என்றாள் டீச்சர், சாலையைப் பார்த்தபடி.

“பேக்கரி மாடியில அண்ணி. ஆனா யாரும் வருவாங்களான்னு தெரியல.”

டீச்சர் கியரை மாற்றினாள். முன்னால் போன வண்டி வலப்பக்கம் திரும்பி மறைந்தது. அவள் வருவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நின்றாள். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் டிரம்ஸ்காரனின் விரல்கள் முழங்காலில் அதற்கு ஏற்றாற்போல் தட்ட ஆரம்பித்தன. முதலில் ஒன்றுக்கு ஒன்றாக, பிறகு நடுவில் இரண்டு சேர்த்து. கண்ணாடியில் டீச்சரின் பார்வையைக் கண்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

“நிறுத்தாத” என்றாள் டீச்சர்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டி ஒரு முறை ஹாரன் அடித்தது. கூரைப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும், மறுபடி அடிக்கவில்லை.