நாலாவது மூலை

பட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த கயிற்றின்மேல் சித்தப்பா கத்தியை வைத்துவிட்டார். அண்ணன் மகள் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடீ. அண்ணியை என்ன ஜன்னல் வழியாவா கொண்டுபோறது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விடியற்காலையில் அம்மா உள்ளறையில் இறந்துபோனாள். வாசலுக்கு முன்னறை ஒன்றுதான் வழி. அதைச் சுவருக்குச் சுவர் அடைத்துக் கிடந்தது சேலைக்குப் பூவேலை தைக்கும் மரச்சட்டம். ஒருக்களித்து நடந்தே பழகிய வீடு அது. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்து நின்றார்.

"கயிறு தளர்ந்தா பட்டு சுருங்கிடும் சித்தப்பா. பூவெல்லாம் இழுத்துக்கும். அப்புறம் தைச்சதையெல்லாம் பிரிச்சுத்தான் போடணும்."

"செத்தவளைவிட சேலை பெருசா உனக்கு?"

அம்மாவோடு அதே சட்டத்தில் உட்கார்ந்து தைத்த இரண்டு பெண்களும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். கருநீலப் பட்டில் கொடி ஓடியிருந்தது. எந்த இலை யார் கை என்று மகளுக்குத் தெரியும். அம்மாவின் இலைகள் நுனியில் கொஞ்சம் திரும்பியிருக்கும், காற்று பட்டதுபோல. அவற்றைப் பிரிக்க அவளால் முடியாது.

"தூக்கிப் பிடிப்போம்," என்றாள். "அம்மா அடியில போகட்டும்."

கண்ணாடி போட்ட அக்கா ஸ்டூலை இழுத்தாள். பருத்த அக்கா பெஞ்சில் ஏறும்போதே கண்ணைத் துடைத்தாள். "உங்கம்மா இருந்தா, பெஞ்சு பாவம்டீன்னு என்னை இறக்கி விட்டிருப்பா."

ஸ்ட்ரெச்சருக்கு அப்பாவும் வண்டிக்காரரும் வேண்டும். மூன்று மூலைக்குப் பெண்கள் மூன்று பேர். நாலாவது மூலைக்கு ஆளில்லை. ஒரு பக்கம் தாழ்ந்தாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், துணி கிழியும்.

கடவுளே, என்றாள் மகள் மனசுக்குள்.

சித்தப்பா கத்தியை மடக்கிப் பையில் போட்டார். எதையோ முணுமுணுத்தபடி நாற்காலியில் ஏறினார்.

சட்டம் எழுந்தது. அப்பா முதுகை வளைத்து அடியில் நுழைந்தார்.

திடீரென்று சித்தப்பா ஒரு கையை எடுத்தார். சட்டம் அவர் பக்கம் சரிந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க சித்தப்பா! கிழிஞ்சிடும்!"

அவர் கேட்கவில்லை. மூலையைத் தலையில் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, துணிக்கு அடியில் கையை நீட்டினார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். நேற்று தைத்துக்கொண்டிருந்தபோதே மயங்கிச் சாய்ந்தவள் அம்மா. பாதி தைத்த இலையிலிருந்து அவள் ஊசி நூலோடு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது, அடியில் வந்துகொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேராக.

சித்தப்பா அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். அண்ணி வாசலைத் தாண்டும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.