எருமைக்கு ஊசி போட்டதா?

பேச்சிராஜாவுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியும். தாராவியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ரெண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசிவிட்டு வருகிற மனிதர். என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கவே மாட்டார். உயிர் போன பிறகு அதைக் கேட்டால், சரியாகப் பார்க்கவில்லையோ என்று குத்திக்காட்டுவது போலாகிவிடும் இல்லையா?

அந்த நல்ல குணம்தான் அவரைக் கவிழ்த்தது.

தபேலா என்கிற பால்மாட்டுக் கொட்டகைகளில் செத்துப்போகும் எருமைகளை டெம்போவில் ஏற்றிப்போய், ராய்கட் பக்கம் காட்டோரத்தில் பாறு கழுகுகளுக்கு இரை வைக்கும் திடலில் இறக்குவது அவர் வேலை. அங்கே மிச்சமிருக்கும் கழுகுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஜோடிக்கு வருஷத்தில் ஒரே முட்டைதான். மாட்டுக்குப் போடும் சில வலி ஊசிகளின் மருந்து செத்த உடம்பிலும் தங்கி, தின்கிற கழுகைக் கொன்றுவிடும். அதனால் ஒவ்வொரு எருமைக்கும், சொந்தக்காரரைக் கேட்டு அவர் நிரப்ப வேண்டிய ஒரு படிவம். கடைசி நாட்களில் வலி ஊசி போட்டதா? ஆம், இல்லை.

நாலு நாள் முன்பு ஆண்டாப் ஹில்லில் தபேலா வைத்திருக்கும் கணேசபாண்டியன், செத்த எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். பேச்சிராஜா பக்கத்தில் குந்தி, "விடுங்க அண்ணாச்சி, அதுக்கு அம்புட்டுத்தான் ஆயுசு," என்றார். வண்டியில் ஏறியதும் 'இல்லை'யில் டிக் போட்டார்.

இன்று காலை ஹரிதா போன் செய்தாள். செம்பூர்ப் பெண், கழுகுக் கூடுகளைக் கண்காணிக்கிறவள்.

"அங்கிள், தென்னை மேல கூடு வெச்சிருந்துதே, அந்தத் தாய்க் கழுகு செத்துடுத்து. அறுத்துப் பார்த்தா உள்ளே சுண்ணாம்பு பூசினாப்ல வெள்ளை. ஊசி மருந்துதான்."

"குஞ்சு?"

"இருக்கு. அப்பா ஒத்தையா எத்தனை நாள் தீனி கொண்டுவருமோ. நம்ம எருமையா இருக்காது, நீங்க கேட்டுண்டுதானே ஏத்தறேள். கிராமத்துல ஒருத்தன் செத்த மாட்டை வெளில போட்டிருக்கான். ஊசியே போடலைன்னு சத்தியம் பண்றான். நாளைக்கு ஃபாரஸ்ட் ஆளோட போய் அவனை நாலு வார்த்தை கேக்கணும்."

"ம்," என்றார் பேச்சிராஜா. அந்த 'ம்' வெகுநேரம் வாயில் கசந்தது.

நேரே ஆண்டாப் ஹில் போய்க் கேட்டார்.

"போட்டமே," என்றார் கணேசபாண்டியன். "மூணு நாளும் வலி ஊசி. எந்திரிக்கவே மாட்டேன்னுட்டுல்லா. அன்னைக்கே கேட்டிருந்தா டாக்டர் சீட்டையே காட்டியிருப்பேனே."

"கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி."

"எங்கிட்ட என்னவே கூச்சம் ஒமக்கு? பொண்ணு கேக்கவா வந்தீரு?"

பேச்சிராஜாவுக்குக் காது மடல் சுட்டது. இரக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில் பாதிதான் நிஜம். கேட்டு 'ஆமாம்' என்று பதில் வந்திருந்தால், அந்தப் பெரிய உடம்பை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்ற மலைப்பும் அன்று மனசுக்குள் இருந்தது. அதை இன்றுதான் ஒத்துக்கொள்ள முடிந்தது.

தபேலா வாசலில் நின்றே ஹரிதாவைக் கூப்பிட்டார்.

"அந்தக் கிராமத்து ஆள் பொய் சொல்லலம்மா. நான்தான் கேக்காமலே டிக் போட்டேன்."

ஹரிதா மெதுவாக, "எத்தனை தடவை, அங்கிள்?"

ஒரு தப்பைச் சொல்லத்தான் அவர் போனை எடுத்திருந்தார்.

"ஒரு தடவைகூடக் கேட்டதில்லம்மா," என்றார். "திடல்ல அந்த எருமை இன்னும் கிடக்கா?"

"பாதி கிடக்கு."

"ஒரு கழுகையும் கிட்ட விடாதீங்க. மண்வெட்டியோட வர்றேன்."