பேப்பர் காட்டும் நாள்

இன்டர்னல் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிப் பூட்டிய பிறகுதான் அந்தக் கல்லூரித் துறையில் விடைத்தாளைக் காட்டுவார்கள். முன்னாலேயே காட்டினால் பிள்ளைகள் பேரம் பேசுவார்களாம்.

"செத்தவனுக்கு மாத்திரை குடுக்குற மாதிரி" என்றான் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பு வைத்த பெயர். பின்வரிசை சிரித்தது.

முன்வரிசையில் இருந்த அவள் சிரிக்கவில்லை. இறுதித் தேர்வு எழுத இன்டர்னலில் இருபது வேண்டும். அவளுக்குப் பதினெட்டு. எழுத விடாவிட்டால் ஜூனியர்களோடு உட்கார்ந்து இந்த வருடத்தையே மறுபடி படிக்க வேண்டும்.

தாளைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையே படவில்லை.

"மேடம், இதைத் திருத்தவே இல்லை."

விரிவுரையாளர் வாங்கிப் பார்த்தார். "அடடா, கண்ணுல படலையேம்மா." நின்றபடியே படித்தார். ஆறுக்கு நான்கு போட்டார். "வா, ஹெச்.ஓ.டி.கிட்ட போவோம்."

"ட்ரீட் உண்டுல்ல?" என்றான் வக்கீல்.

துறைத்தலைவர் தாளைப் பார்த்தார்.

"பொண்ணு சொல்றது நியாயம்தான். பூட்டைத் திறக்கலாம், ஆனா காரணம் எழுதணும். ஆசிரியர் தவறுன்னு. அது உங்க ஃபைல்ல ஏறும்." கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம்தானே புதுப்பிக்கணும்?"

விரிவுரையாளர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரத்துல போட்டுட்டேன் சார். இது கேள்விக்கான பதிலே இல்லை."

நான்கை அடித்துச் சுழியம் போட்டார். பக்கத்தில் கையெழுத்திட்டார்.

"மேடம், இப்பத்தானே நீங்களே..."

"உன் கண்ணு முன்னாடிதானேம்மா திருத்தினாங்க" என்றார் துறைத்தலைவர். "இதைவிட வெளிப்படையா எப்படிச் செய்யறது?"

ஒரு பக்கம் திருத்தாமல் விட்டுப்போனதை வரும் வழியிலேயே அக்காவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். வெளியே வந்ததும் அக்காவின் அழைப்பு.

"என்னடி, பேப்பரைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கக்கா."

"மார்க்கு?"

பதில் சொல்வதற்குள் விரிவுரையாளர் வெளியே வந்து அவள் தோளைத் தொட்டார்.

"அடுத்த வருஷமும் நான்தான் இந்தப் பாடம் எடுப்பேன். நல்லாப் போட்டுடறேன். மனசுல வெச்சுக்காதம்மா."

"சரி மேடம்."

அவர் வகுப்புக்குப் போனார். மீதித் தாள்களைக் காட்ட வேண்டியிருந்தது.

"யாருடி அது?" என்றாள் அக்கா. "பேச்சு தன்மையா இருக்கே. நீ ஏன் அவங்ககிட்டயே சொல்லிப் பார்க்கக் கூடாது?"